இனஞ்சுட்டும் அடைமொழி: அமெரிக்கத் திருச்சபைப் பெயர்களில் உறையும் பொது வரலாறு

1. ஒரு மாணவியின் வினா

சில ஆண்டுகளுக்கு முன்னர், சொற்பொருளியல் வகுப்பொன்றில் மாணவி ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அமெரிக்காவில் 'ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை' என்று ஒரு சபை உண்டு. அவ்வாறாயின் 'ஐரோப்பிய மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை' என்று ஒன்றும் இருந்திருக்க வேண்டுமே, அது எங்கே என்பது அவ்வினா. அன்று நேரமின்மையால் இரண்டு வரிகளில் விடை கூறி நகர்ந்துவிட்டோம். அவ்விடை போதாது என்பதைப் பின்னர் உணர்ந்தோம். இக்கட்டுரை அந்த மாணவிக்கு நாம் காலந்தாழ்ந்து அளிக்கும் விடை எனலாம்.

தமிழ் இலக்கணம் இவ்வினாவை அணுக நல்லதொரு கருவியைத் தருகிறது. பெயருக்கு முன் வரும் அடைமொழி இருவகைப்படும் என்பர் இலக்கண நூலார். 'செந்தாமரை' என்னும்போது 'செம்மை' என்னும் அடை வெண்டாமரை என வேறொரு வகை இருப்பதைச் சுட்டுகிறது. இது இனஞ்சுட்டும் அடை. 'செஞ்ஞாயிறு' என்னும்போதோ கருஞாயிறு என ஒன்று இல்லை. அடை அங்கே சிறப்பிக்க வந்ததேயன்றிப் பிரித்துக்காட்ட வரவில்லை. இது இனஞ்சுட்டா அடை. தொல்காப்பியமும் நன்னூலும் இவ்வேறுபாட்டைக் கூறுகின்றன. 'இனம்' என்னும் சொல் அங்கே வகை என்னும் பொருளில் வருகிறது. இன்று அச்சொல்லை மக்கட்பிரிவைக் குறிக்கவும் ஆளுகிறோம். நாம் பேசப்போகும் வரலாற்றில் அவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

'ஆப்பிரிக்க' என்பது இனஞ்சுட்டும் அடை. அது மற்றொரு சபையைச் சுட்டுகிறது. ஆனால் அந்த மற்றொரு சபை 'மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை' என்று அடையின்றி நின்றது. தாமரைக் குளத்தில் ஒன்றைச் 'செந்தாமரை' என்றும் மற்றொன்றைத் 'தாமரை' என்று மட்டும் அழைப்பதைப் போன்றது இது. அடையற்ற பெயரை உடையவர் தம்மையே பொதுவாகக் கருதிக்கொள்கிறார். அடையுடையவர் சிறப்பு வகையினர் ஆகிவிடுகிறார். இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காண்பதே நம் நோக்கம்.

2. ஒரே பதிவேட்டில் இரு முறைகள்

அமெரிக்கக் கறுப்பினச் சபைகளும் வெள்ளையினச் சபைகளும் தொடக்கம் முதல் தனித்தனியே வளர்ந்தவை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 1865-ஆம் ஆண்டுக்கு முன்னர், அடிமை முறை நிலவிய தென்மாநிலங்களில், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகள் பலவற்றில் இரு இனத்தாரும் ஒரே சபையின் உறுப்பினராக இருந்தனர். ஒரே போதகர் திருமுழுக்கு அளித்தார். ஒரே பதிவேட்டில் பெயர்கள் எழுதப்பட்டன. கறுப்பின உறுப்பினரே தொகையில் மிகுந்திருந்த சபைகளும் உண்டு.

ஆயினும் அவர்கள் அமர்ந்த இடம் வேறு. மேல்மாடத்திலோ பின்வரிசைகளிலோ அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. திருவிருந்தை வெள்ளையர் பெற்ற பின்னரே அவர்கள் பெறுவது பல இடங்களில் வழக்கம். பதிவேட்டு மொழியிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. வெள்ளையர் தம் பெயரோடும் குடும்பப் பெயரோடும் பதிவாயினர். அடிமைப்பட்டவர் பலர் ஒற்றைப் பெயரோடும், இன்னாருக்கு உரியவர் என்னும் குறிப்போடும் பதிவாயினர்.

இங்கே வேற்றுமை இலக்கணத்தை நினைவுகூர்வது தகும். ஆறாம் வேற்றுமை உறவுமுறையையும் உணர்த்தும், உடைமையையும் உணர்த்தும். 'அவருடைய தம்பி' என்பது முறை. 'அவருடைய வீடு' என்பது உடைமை. திருமுழுக்குப் பெற்றவர் அனைவரும் உடன்பிறப்புகள் என்பது திருச்சபையின் போதனை. அப்போதனையை ஏற்ற அதே சபை, அதே ஏட்டில், ஒரு மனிதரை முறைப்பொருளில் சகோதரர் என்றும் உடைமைப்பொருளில் மற்றொருவருக்கு உரியவர் என்றும் எழுதிவைத்தது. பிற்காலத்துப் பிளவுகள் யாவும் இம்முரணின் விளைவுகளே.

முரணை உணர்ந்தவர் அக்காலத்திலும் இல்லாமலில்லை. 1784-இல் பால்டிமோர் நகரில் மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை நிறுவப்பட்டபோது, உறுப்பினர் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்தமையால் ஓராண்டுக்குள்ளேயே அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது.

3. பிலடெல்பியாவின் மேல்மாடம்

ரிச்சர்ட் ஆலன் 1760-இல் அடிமையாகப் பிறந்தவர். மெதடிஸ்ட் போதனையால் ஈர்க்கப்பட்டவர். உழைத்துப் பொருளீட்டித் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றவர். பிலடெல்பியா நகரின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் அவர் போதித்தார். அவரது போதனையால் கறுப்பின உறுப்பினர் தொகை பெருகியது. ஆலயத்தில் புதிய மேல்மாடம் கட்டப்பட்டபோது அவர்களும் தம் பொருளையும் உழைப்பையும் வழங்கினர். பின்னர் ஒரு ஞாயிறு வழிபாட்டில், மாடத்தில் முழந்தாளிட்டு மன்றாடிக்கொண்டிருந்த அப்சலம் ஜோன்ஸ் என்பாரை, அவ்விடம் அவருக்கு உரியதன்று எனக் கூறி ஆலயப் பொறுப்பாளர் பற்றி இழுத்தனர். மன்றாட்டு முடியும்வரை பொறுக்குமாறு அவர் கேட்டும் பயனில்லை. மன்றாட்டு முடிந்ததும் கறுப்பின உறுப்பினர் ஒருசேர எழுந்து வெளியேறினர். இந்நிகழ்ச்சியை 1787-இல் வைப்பது மரபு. மாடம் கட்டப்பட்ட காலத்தைக் கொண்டு 1792 அளவில் வைப்பர் ஆய்வாளர் சிலர்.

1793-இல் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கி ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. கறுப்பினத்தாரை அந்நோய் பற்றாது என்று அன்றைய மருத்துவர் சிலர் தவறாக நம்பினர். ஆலனும் ஜோன்ஸும் தம் மக்களைத் திரட்டி நோயாளிகளைப் பேணினர்; இறந்தோரை அடக்கம் செய்தனர். அவர்களுள் பலரும் அந்நோய்க்கு இரையாயினர். அதன் பின்னரும், நோயைப் பயன்படுத்திப் பணம் பறித்தனர் என அவர்கள்மீது அச்சில் பழி சுமத்தப்பட்டது. 1794-இல் இருவரும் சேர்ந்து மறுப்பு நூலொன்றை வெளியிட்டனர். மாடத்தில் இடம் மறுத்த நகரத்துக்கு அவர்கள் செய்த தொண்டு இது.

அதே 1794-இல் இரு ஆலயங்கள் எழுந்தன. ஜோன்ஸ் தலைமையில் புனித தோமா ஆப்பிரிக்க எப்பிஸ்கோப்பல் ஆலயமும், ஆலன் தலைமையில் பெத்தேல் ஆலயமும் தோன்றின. ஆலன் மெதடிஸ்ட் மரபை விட்டு நீங்கவில்லை என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் நீங்கியது கொள்கையிலிருந்து அன்று, இருக்கை ஒதுக்கீட்டிலிருந்து. ஆயினும் பெத்தேல் ஆலயத்தின்மீது தமக்கே ஆட்சியுரிமை உண்டென வெள்ளையினத் தலைவர்கள் நெடுங்காலம் வழக்காடினர். 1815-இல் ஆலயம் ஏலத்துக்கு வந்தபோது, தாமே நிறுவிய ஆலயத்தை 10,125 டாலர் கொடுத்து ஆலன் மீட்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு நீதிமன்றம் பெத்தேல் சபையின் உரிமையை ஏற்றது. 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை உருவாயிற்று. ஆலன் அதன் முதற்பேராயர் ஆனார்.

இப்பெயரை இப்போது சொல்தோறும் காண்போம். 'மெதடிஸ்ட்' என்பது கொள்கை. 'எப்பிஸ்கோப்பல்' என்பது பேராயர் வழி நடக்கும் ஆட்சிமுறை. இவ்விரண்டும் பழைய சபையோடு உள்ள ஒற்றுமையைக் கூறுகின்றன. 'ஆப்பிரிக்க' என்னும் ஒரு சொல் மட்டுமே வேற்றுமையைக் கூறுகிறது. அதுவும் பிறர் சூட்டியதன்று. அவர்கள் தாமே விரும்பிப் பூண்டது. அவ்வடையைக் கொண்டு, இவர்கள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப விழைந்தவர் என்று கருதிவிடலாகாது. விடுதலை பெற்ற கறுப்பினத்தாரை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் நோக்குடன் ஒரு கழகம் தோன்றியபோது, 1817 சனவரியில் பெத்தேல் ஆலயத்தில் ஏறத்தாழ 3,000 பேர் கூடி அத்திட்டத்தை மறுத்தனர். பெயரில் ஆப்பிரிக்காவைத் தாங்கியவர்கள், தாம் நின்ற மண்ணைத் தம் நாடு என்று உரைத்த நாள் அது.

4. திசையால் வந்த அடை

இதன் பின்னர் அடை பெறும் முறை வெள்ளையினச் சபைகளுக்கும் வந்தது. 1844-இல் நியூயார்க்கில் கூடிய மெதடிஸ்ட் பொதுப்பேரவையில், அடிமைகளை உடைமையாகக் கொண்ட ஒருவர் பேராயராகப் பணியாற்றலாமா என்னும் வழக்கு எழுந்தது. அவ்வழக்கால் திருச்சபை இரண்டாகப் பிரிந்தது. தென்மாநிலத்தார் 'மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை, தெற்கு' என்று பெயர் பூண்டனர். 1845-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் தெற்குப் பாப்டிஸ்ட் பேரவை தோன்றியது. அப்பிரிவுக்கும் அடிமை முறை பற்றிய பூசலே காரணம். பெயரோ திசையை மட்டும் கூறியது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்ததும், தென்மாநிலக் கறுப்பினத்தார் பழைய மாடங்களை விட்டு இறங்கித் தமக்கெனச் சபைகளை அமைத்தனர். 1860-இல் தெற்கு மெதடிஸ்ட் சபையில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த கறுப்பின உறுப்பினர், 1866-இல் 80,000-க்கும் குறைந்தனர். எஞ்சியோருக்கு 1870-இல் டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் தனித் திருச்சபை அமைக்கப்பட்டது. அதன் பெயரின் முதற்சொல் 'நிறத்தவர்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். 1950-களின் நடுவில் அச்சபையார் அச்சொல்லை நீக்கி, அவ்விடத்தில் 'கிறிஸ்தவ' என்னும் சொல்லை வைத்தனர். ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் பெயரின் சுருக்கம் மாறவில்லை. ஆனால் இனஞ்சுட்டும் அடை போய், எச்சபைக்கும் பொருந்தும் அடை வந்துவிட்டது.

5. 'மையம்' எங்கே இருந்தது?

பெயர் உண்மையை மறைக்கவும் கூடும் என்பதற்கு 1939-ஆம் ஆண்டு நல்ல சான்று. அவ்வாண்டில் வடக்கு, தெற்கு மெதடிஸ்ட் சபைகள் மற்றொரு சிறு சபையோடு சேர்ந்து மீண்டும் ஒன்றாயின. புதிய திருச்சபை ஆறு ஆட்சிவட்டங்களாக வகுக்கப்பட்டது. வடகிழக்கு, தென்கிழக்கு, வடமையம், தென்மையம், மேற்கு என்பன ஐந்து. இவை நிலப்பரப்பால் அமைந்தவை. ஆறாவது 'மைய ஆட்சிவட்டம்'. அட்டவணையைப் படிப்பவர் இதுவும் நாட்டின் நடுப்பகுதி என்றே எண்ணுவர். ஆனால் அதற்கு நில எல்லை இல்லை. நாட்டில் எங்கிருந்தாலும் கறுப்பினச் சபைகளுள் பெரும்பாலானவை அதற்குள் அடக்கப்பட்டன. ஐந்துக்கு நிலம் எல்லை. ஒன்றுக்கு நிறம் எல்லை.

வடக்கும் தெற்கும் இணைவதற்குக் கொடுக்கப்பட்ட விலை இது. கறுப்பினப் பேராளர்களுள் பெரும்பான்மையோர் இத்திட்டத்தை எதிர்த்து வாக்களித்தும் அது நிறைவேறியது. 1968-இல், ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை உருவானபோதுதான் மைய ஆட்சிவட்டம் கைவிடப்பட்டது. 'ஆப்பிரிக்க' என்னும் அடை மக்கள் தாமே ஏந்திய கொடி. 'மைய' என்னும் அடை பிரிவினையின்மேல் இடப்பட்ட திரை. இலக்கண நோக்கில் இரண்டும் அடைமொழிகளே. யார் இட்டது, எதற்கு இட்டது என்று கேட்டால்தான் வேறுபாடு விளங்கும்.

6. வாயிற்படியில் நின்றவர்கள்

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொரு மணியே அமெரிக்காவில் இனப்பிரிவு மிகுந்த நேரம் என்னும் கருத்தை மார்ட்டின் லூதர் கிங் பலமுறை கூறியுள்ளார். 1960 முதல், கறுப்பின மாணவரும் அவர்தம் வெள்ளையின நண்பரும் வெள்ளையின ஆலயங்களுக்கு வழிபடச் சென்றனர். உணவகங்களில் அமர்ந்து நடத்திய அறப்போரின் பெயரை ஒட்டி, இதற்கு 'முழந்தாளிடல்' எனப் பொருள்படும் பெயர் அமைந்தது. அவர்கள் கேட்டது இருக்கையைக்கூட அன்று. முழந்தாளிட ஓர் இடம். அப்சலம் ஜோன்ஸ் கேட்டதும் அதுவே.

1963 சூனில், மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில், கேலவே நினைவு மெதடிஸ்ட் ஆலயத்துக்கு வந்த கறுப்பினத்தார் ஐவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். செய்தியறிந்த போதகர் செலா அன்றே தம் பணித்துறப்பை அறிவித்தார். மறு ஆண்டு ஈஸ்டர் நாளில், அதே திருச்சபையின் பேராயர் இருவர் அங்கு ஒன்றாக வந்தனர். ஒருவர் கறுப்பினத்தவரான சார்ல்ஸ் கோல்டன். மற்றவர் வெள்ளையினத்தவரான ஜேம்ஸ் மாத்யூஸ். பேராயர்களையே வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. ஒன்றாக வந்தமையால் வெள்ளையினப் பேராயருக்கும் இடம் இல்லாமற்போயிற்று.

இதே 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய மடல், அலபாமாவின் வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மருக்கு விடையாக அமைந்தது. அவர்கள் அறப்போரைக் காலத்துக்கு ஒவ்வாதது எனக் கண்டித்திருந்தனர். கிங் அவர்களை உடன் ஊழியர் என்றே விளிக்கிறார். விளிவேற்றுமை அழைப்பதற்கு மட்டும் உரியதன்று. பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவையும் அது நிலைநாட்டுகிறது. மடலின் வழக்குரை முழுவதும் அவ்விளியின்மேல் நிற்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 15-இல், பர்மிங்ஹாமின் பதினாறாம் தெருப் பாப்டிஸ்ட் ஆலயத்தில் வைக்கப்பட்ட வெடிகுண்டு, ஞாயிறு வழிபாட்டுக்கு வந்திருந்த நான்கு சிறுமியரைக் கொன்றது.

7. 'நாங்கள்' என்பதும் 'நாம்' என்பதும்

1995-இல் அட்லாண்டாவில் கூடிய தெற்குப் பாப்டிஸ்ட் பேரவை, தன் 150-ஆம் ஆண்டில், தன் பிறப்பில் அடிமை முறைக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டு ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் மன்னிப்புக் கோரியது. 2000-இல் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் பொதுப்பேரவை இனவெறிக்காக மனம்வருந்தும் வழிபாடு நடத்தியது.

இவ்வறிக்கைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ இரண்டு: கேட்போரை விலக்கும் 'நாங்கள்', கேட்போரை உளப்படுத்தும் 'நாம்'. இவ்வறிக்கைகளைத் தமிழில் பெயர்க்குமாறு மாணவரிடம் கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் அவர்கள் நின்று எண்ண நேரும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடத்தில் 'நாங்கள் செய்தோம்' என்றே எழுத வேண்டும். அங்கே 'நாம்' என்று எழுதினால் துன்பப்பட்டவரையும் குற்றத்தில் கூட்டாளி ஆக்கிவிடுவோம். ஒரே திருச்சபையினர் என்று கூறும் இடத்தில் 'நாம்' என்று எழுத வேண்டும். அங்கே 'நாங்கள்' என்றால் பழைய மாடத்தையே மீண்டும் கட்டுவோம். 1995-இல் தெற்குப் பாப்டிஸ்ட் பேரவைக்குள்ளேயே கறுப்பினச் சபைகள் இருந்தன. மன்னிப்புக் கேட்ட தன்மைப் பன்மையில் அவர்கள் அடங்குவரா, அடங்காரா? ஆங்கிலம் இவ்வினாவைக் கேளாமலே கடந்துவிடுகிறது. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை இச்சிக்கலை ஓரளவு உணர்ந்தது எனலாம். 2004-இல், இழிவுகளுக்கிடையிலும் பிரியாமல் உள்ளே தங்கியிருந்த கறுப்பின உறுப்பினருக்கு நன்றி கூறும் வழிபாட்டையும் அது நடத்தியது.

மன்னிப்புக் கோருதல் என்பது சொல்லே செயலாகும் வகையைச் சேர்ந்தது. எனினும் அச்செயல் நிறைவுற, பின்வரும் செயல்கள் வேண்டும். சிலவற்றை நாம் குறிப்பிடலாம். 2009-இல் பெத்தேல் சபையார் புனித ஜார்ஜ் ஆலயத்துக்கு வந்து கூட்டு வழிபாடு நடத்தினர். முன்னோர் எழுந்து வெளியேறிய அதே ஆலயம் அது. 2012-இல் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையும் கறுப்பின மெதடிஸ்ட் திருச்சபைகளும் ஒன்றையொன்று முழுமையாக ஏற்கும் உறவில் இணைந்தன. அவ்வாண்டே தெற்குப் பாப்டிஸ்ட் பேரவை, பிரெட் லூட்டர் என்பாரைத் தன் முதற்கறுப்பினத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

நம் கட்டுரைக்கு மிக நெருக்கமான சான்று ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் உள்ளது. அங்கே ஒன்றுக்கொன்று மிக அண்மையில் இரு பாப்டிஸ்ட் சபைகள் உள்ளன. இரண்டின் பெயரிலும் 'முதல்' என்னும் அடை உண்டு. ஓர் ஊரில் இரண்டு 'முதல்' சபைகள் எவ்வாறு இருக்க முடியும்? இரண்டும் 1826-இல் தோன்றிய ஒரே சபையின் கிளைகள் என்பதே விடை. அடிமைக் காலத்தில் கறுப்பின உறுப்பினர்க்கெனத் தனிக் கட்டடம் அமைந்து, பின்னர் அது தனிச் சபை ஆயிற்று. தலைமுறைகளாக அருகருகே இருந்தும் கலவாதிருந்த இரு சபையாரும், 2014 முதல் ஒன்றாக உணவருந்தவும் தம் பொது வரலாற்றை ஒன்றாகக் கற்கவும் தொடங்கினர். அவர்கள் ஒரே சபையாக இணைந்துவிடவில்லை. தமக்கு இடமில்லாத காலத்தில் தாமே கட்டிக் காத்த சபையை, ஒற்றுமையின் பெயரால் இழக்கக் கறுப்பினச் சபையார் தயங்குவது இயல்பே. ஒப்புரவு என்பது ஒரு பெயர் மற்றொரு பெயரை விழுங்குவதன்று.

8. நம் வகுப்பறைக்கு

எடுத்துச் சொன்ன மொழி, சொல்லாத இனத்தையும் உணர்த்தும் என்பது தொல்காப்பியக் கருத்து. கீழ்ச்சேரிக் கோழி வென்றது என்றால் மேற்சேரிக் கோழி தோற்றது என்பதும் பெறப்படும் என உரையாசிரியர்கள் விளக்குவர். வரலாற்றுக்கும் இது பொருந்தும். புனித ஜார்ஜ் ஆலயத்தின் வரலாற்றைப் பெத்தேல் இன்றி எழுத இயலாது. பெத்தேலின் வரலாற்றைப் புனித ஜார்ஜ் இன்றி எழுத இயலாது. பொது வரலாறு என்பதற்கு இணக்கமான வரலாறு என்பது பொருளன்று. ஒருவரின்றி மற்றவர் தம் கதையைச் சொல்ல முடியாத வரலாறு என்பதே பொருள்.

நம் வட்டாரத்தோடு இதற்கு ஓர் உண்மையான தொடர்பு உண்டு. 1885-இல் சிங்கப்பூருக்கு வந்த மெதடிஸ்ட் பணி, அமெரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் கிளையாகத் தென்னிந்தியா வழியாக வந்தது. இங்கும் சபைகள் பிரிந்தே கூடுகின்றன, ஆனால் மொழியால். தமிழர்க்கு விளங்கும் மொழியில் வழிபாடு வேண்டும் என்பதனால் தமிழ்ச்சபை உண்டாயிற்று. அமெரிக்காவில் பிரிந்தவர்களுக்கோ மொழி ஒன்று, மறைநூல் ஒன்று, கொள்கையும் ஒன்று. இவ்விரு பிரிவுகளையும் ஒன்றெனக் கருதலாகாது. ஆயினும் அடைமொழி பற்றிய வினாவை நாம் இங்கும் கேட்கலாம். 'தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை' என்னும் பெயரில் மொழிப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் வழிபடும் 'வெஸ்லி மெதடிஸ்ட் திருச்சபை' என்னும் பெயரில் மொழிப்பெயர் இல்லை.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகத் தரலாம். தம் ஊரில் உள்ள பள்ளி, சங்கம், வழிபாட்டிடம், அங்காடி ஆகியவற்றின் பெயர்களை மாணவர் தொகுக்கட்டும். எவை அடையுடையன, எவை அடையற்றன எனப் பிரிக்கட்டும். அடையை இட்டவர் யார், அடையின்றி நிற்பவர் எவரைப் பொதுவெனக் கொள்கின்றனர் என்று ஒவ்வொன்றுக்கும் விடை தேடட்டும். நம் மாணவியின் வினாவுக்கும் இப்போது விடை கூறலாம். 'ஐரோப்பிய' என்னும் அடையுடன் ஒரு சபை எழுதப்படவில்லை. எழுதத் தேவையில்லை என்று கருதும் நிலையில் அதன் தலைவர்கள் இருந்தார்கள். எழுதப்படாத அந்த அடையையும் சேர்த்துப் படிப்பதற்கு மாணவரைப் பழக்குவது மொழியாசிரியரின் பணிகளுள் ஒன்று.